அத்தை சொல்லி எழுதிய வரி

பெரியநாயகி மாதா துணை
அக்டோபர் 4

அன்பு மேரிக்கு,

உன் வீட்டுக்காரன் ஃபிரெடி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ஆத்தாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஆத்தாவின் முழங்கால் வலி தேவலையா?

போன் பண்ணாமல் கடுதாசி போடுகிறானே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தீவுக்குத் தீவு மணலும் ஜேசிபியும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோமே, அந்தச் சின்னக் கப்பலை, அதைத்தான் இங்கே எல்.சி. என்பார்கள், கம்பெனி இந்த நாட்டு நேவிக்கு வாடகைக்கு விட்டுவிட்டது. எங்களையும் சேர்த்துத்தான். டிராக்டரை வாடகைக்கு விட்டால் டிரைவரும் கூடவே போவானே, அந்தக் கதை. போன் இருந்தால் கப்பல் நிற்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடுமாம்.

வேலை என்னவோ பழைய வேலைதான். கப்பல் நேரே போய்க் கரையில் முட்டும். நான் முன்கதவை இறக்குவேன். டிப்பர் கதவு மாதிரி அது முன்னால் விழும். வண்டிகள் அதன்மேல் இறங்கிப் போகும். முன்னே மண் வண்டி. இப்போது (இரண்டு வரிகள் மை பூசி அழிக்கப்பட்டுள்ளன). ஆவூர் பாஸ்கா நாடகத்தில் தகர வாளைப் பிடித்துக்கொண்டு ரோமைச் சிப்பாயாக நின்றதைத் தவிர எனக்கு என்ன போர் தெரியும்? அதிலும் போன வருஷம் கேடயத்தைக் கால்மேல் போட்டுக்கொண்டேன்.

சமையலுக்கு அரிமளத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், தமிழ்செல்வன் என்று பெயர். பேச்சுத் துணைக்கு அவர்தான். இங்கிருந்து போகும் கடுதாசியை எல்லாம் தமிழ் தெரிந்த ஓர் ஆபீசர் படித்துவிட்டுத்தான் விடுவார். வருவதை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நீ மனசுபோல எழுது. திருச்சியில் ஏஜென்ட் கோபிநாத் ஆபீஸில் கொடுத்தால் இங்கே அனுப்பிவிடுவார்.

ஆத்தாவிடம் போர் என்று சொல்லாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்,
ஃபிரெடி


பெரியநாயகி மாதா துணை
அக்டோபர் 29

அன்புள்ள மச்சானுக்கு,

மேரி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஏன் மச்சான், கதவைத் திறப்பது நீங்கள்தானே? திறந்ததும் இறங்கி நடையைக் கட்ட வேண்டியதுதானே? கோபிநாத்திடமும் இதைத்தான் கேட்டேன். "அவரு காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டிருக்காரும்மா, அப்புடியெல்லாம் வர முடியாது" என்றார். மண் அள்ளத்தானே கையெழுத்து, மண்ணோடு மண்ணாகப் போவதற்கா என்று கேட்டேன். ஆபீஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அத்தையிடம் போர் என்று சொல்லவில்லை. கப்பல் போகும் இடத்தில் டவர் கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். "கடலுக்குள்ள எவன்டி டவர் நடுவான்" என்று அவரே சமாதானமாகிவிட்டார்.

இங்கே மழையைக் காணோம். கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. கிணற்றில் மோட்டார் போட்டால் காற்றுதான் வருகிறது. ஆனாலும் நாற்றுப் பாவியிருக்கிறோம். எனக்குக் கீரனூர் ஜெராக்ஸ் கடை வேலை இருக்கிறது, ஏதோ ஓடுகிறது. நீங்கள் அந்தப் போரை விட்டு வெளியே வாருங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அந்த ஆபீசர் அழித்த இரண்டு வரியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. என்ன எழுதியிருந்தீர்கள்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
அடைக்கலமேரி


பெரியநாயகி மாதா துணை
நவம்பர் 20

அன்பு மேரிக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. கோபிநாத்தை நீ வாங்கு வாங்கென்று வாங்கியதைத் தமிழ்செல்வன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநாள் கழித்துச் சிரித்தோம்.

போன தடவை புலம்பி எழுதி ஆபீசருக்கு வீணாக மைச் செலவு வைத்துவிட்டேன். இனிமேல் நல்லது மட்டும்தான். நான் சௌக்கியம். கப்பலில் அரிசி நெறஞ்சிருக்கு. குடிதண்ணி நெறஞ்சிருக்கு. மருந்துப் பெட்டி நெறஞ்சிருக்கு. நம்ம ஆத்தா அடுப்படியில் சொல்லுமே, அதே மாதிரி எல்லாமே நெறஞ்சிருக்கு. கல்யாணமான புதுசில் நீ ஆத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? அதை நினைத்துக்கொண்டே இதைப் படி.

ஆத்தாவுக்குத் தைலம் தேய்த்துவிடு.

நல்லபடியாக இருக்கும்,
ஃபிரெடி


பெரியநாயகி மாதா துணை
டிசம்பர் 12

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தைக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாபகம் இல்லாமலா போகும்? வந்த மூன்றாம் நாள், பானையைக் கவிழ்த்துப் பார்த்து, "அரிசி இல்ல அத்தே" என்றேன். அத்தை கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். "அடியே, அடுப்படியில நின்னுக்கிட்டு இல்லைங்காதடி! இல்லைன்னா இல்லாமயே போயிரும். நெறஞ்சிருக்குன்னு சொல்லு!" அன்றைக்குக் கற்றுக்கொண்டது, தீர்ந்துபோனால் நிறைந்திருக்கிறது என்றுதான் இந்த வீட்டில் சொல்ல வேண்டும் என்று. அப்படியென்றால் உங்களுக்குச் சோறில்லை, தண்ணீரில்லை, அடிபட்டால் மருந்தும் இல்லை. அந்த ஆபீசர் வீட்டில் அத்தை மாதிரி ஓர் ஆள் இல்லாமல் போனது மாதா புண்ணியம்.

ஊர்ப்பட்ட பேருக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிறேன், எனக்கு அடிக்கத் தெரியாதா? பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, உங்கள் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போனேன். வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, எல்லாம் நெறஞ்சிருக்குன்னு அவரே கைப்பட எழுதியிருக்காரு. ராஜா மாதிரி இருக்குற மனுசன எதுக்கும்மா வரச் சொல்ற?" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "சார், நெறஞ்சிருக்குன்னா இல்லைன்னு அர்த்தம் சார்" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். நல்லவேளை, பக்கத்தில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, "ஆமாங்க சார், எங்க வீட்லயும் அப்புடித்தான் சொல்லுவாக. அது இல்லாத வீட்டுப் பேச்சு சார்" என்றார். அப்புறம்தான் சீல் வைத்து வாங்கினார். தூதரகத்துக்குப் போகுமாம்.

வரும் வரைக்கும் உயிரோடு இருங்கள். இதைவிட வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள்,
மேரி


பெரியநாயகி மாதா துணை
ஜனவரி 6

அன்பு மேரிக்கு,

உனக்கும் ஆத்தாவுக்கும் புதுவருஷ வாழ்த்து. மனு விஷயம் படித்தேன். நீ கெட்டிக்காரி.

கிறிஸ்துமஸ் நல்லபடியாக நடந்தது. மைதா, சீனி, முட்டை எல்லாமே நெறஞ்சிருந்ததால் தமிழ்செல்வன் அண்ணன் சோற்றை உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி வைத்து, "கேக்குடா தம்பி, ஊது" என்றார். ஊதினோம்.

எங்களோடு கூடவே இன்னொரு எல்.சி. வந்துகொண்டிருந்தது. (மூன்று வரிகள் மை பூசி அழிக்கப்பட்டுள்ளன). அதில் திண்டுக்கல் பையன் ஒருவன் இருந்தான்.

அப்புறம், என் இடது காது நெறஞ்சிருக்கு. வலது பக்கம் வந்து பேசச் சொல்கிறேன். மற்றபடி ஒன்றுமில்லை.

ஆத்தாவின் பக்கத்தில் படுத்துக்கொள். அது தூக்கத்தில் பேசும், பயப்படாதே.

ஃபிரெடி


பெரியநாயகி மாதா துணை
பிப்ரவரி 10

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் காதுக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். அத்தைக்குத் தெரியாது. எதற்கு என்று கேட்டதற்கு என் தலைவலிக்கு என்று சொல்லிவிட்டேன்.

மச்சான், மனு பலித்துவிட்டது! கோபிநாத் கடைக்கே போன் பண்ணினார். அடுத்த முறை சாமான் ஏற்ற வரும்போது கப்பலிலிருந்து ஒரே ஓர் ஆளை இறக்கி ஊருக்கு அனுப்புகிறார்களாம். தூதரகக் கடிதம் போனதால் உங்கள் பெயர்தான் முதலாவதாம். கடையில் நின்று சத்தம் போட்டுவிட்டேன். முதலாளி இரண்டு டீ சொன்னார்.

கூரியர் இன்றைக்குப் போகிறதாம், அவசரமாக எழுதுகிறேன். மற்றதையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம், பேச எவ்வளவோ இருக்கிறது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் சொல்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எய்யா, வீட்டுல நெல்லு அரிசி எல்லாம் நெறஞ்சிருக்கு. நீ ஒன்னுக்கும் ரோசன பண்ணாம வெரசா வந்து சேரு."

அவ்வளவுதான். பையைக் கட்டுங்கள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மேரி


பெரியநாயகி மாதா துணை
மார்ச் 8

அன்பு மேரிக்கு,

நான் நலம், நீங்கள் நலமா என்று எப்போதும்போல எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

இதைத் தமிழ்செல்வன் அண்ணன் கையில் கொடுத்து விடுகிறேன். ஆபீசர் படிக்க மாட்டார். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பையைக் கட்டித் தோளில் மாட்டிவிட்டேன். சாமான் படகில் தபால் பையும் வந்தது. அதில் உன் கடுதாசி இருந்தது.

அரிசி நெறஞ்சிருக்கு என்று ஆத்தாவே சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறது. அது வாயில் இல்லை என்ற சொல் வராது, எனக்குத் தெரியாதா? காய்ந்த கண்மாயைப் பற்றி நீ முன்னாலேயே எழுதியிருந்தாய். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாற்று கருகியிருக்கும். உன் கடைச் சம்பளம் எத்தனை நாளைக்குக் காணும்? நெல்லும் அரிசியும் நெறஞ்சிருக்கு என்றால், வீட்டில் ஒரு பொட்டு அரிசி கிடையாது. ரோசனை பண்ணாமல் வா என்கிறது. பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். வந்து உங்களோடு சேர்ந்து நானும் பட்டினி கிடக்கவா, மேரி?

மேற்கொண்டு மூன்று மாசம் நிற்கிறவர்களுக்கு இரட்டைச் சம்பளம் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் இடத்தில் அண்ணன் வருகிறார்.

கோபப்படாதே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கரையில் முட்டிக் கதவு கீழே விழும்போது, அங்கே இருக்கிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது நான்தான். அந்த நேரத்தில் கால் உதறும். கதவை இறக்கும் விஞ்ச் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொல்வேன். பாதி சொல்லும்போதே வண்டிகள் இறங்கிவிடும். மூன்று மாசம்தான், போய்விடும்.

பணம் வந்ததும் முதலில் அரிசி எடு. நீ சாப்பிடாமல் ஆத்தாவுக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

உன்,
ஃபிரெடி


பெரியநாயகி மாதா துணை
மார்ச் 19

மச்சான்,

அரிசி இருக்கிறது. இருக்கிறது என்றால் இருக்கிறது. அத்தை சொன்னது நிஜம். இதைப் படித்த உடனே கப்பலில் இருந்து இறங்கிவிடுங்கள்.

தமிழ்செல்வன் அண்ணன் நேற்று வந்தார். வண்டிச் சத்தம் கேட்டு நீங்கள்தான் என்று ஓடினேன். அவர் வாசலைத் தாண்டி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடத்தில் கூரை முகடு வரைக்கும் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறோம். அதையே பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, இது யாரு வீட்டு நெல்லு?" என்று கேட்டார். "எங்க வீட்டு நெல்லுதாண்ணே, வேற யாரு வீட்டு நெல்லு இங்க வருது" என்றேன். அவர் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம்தான் உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது, மச்சான். கண்மாய் நிரம்பி மறுகால் போயிற்று. இப்படி ஒரு விளைச்சலை இந்தப் பக்கம் பார்த்து வெகுகாலம் ஆயிற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதை நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. மனு, மனு என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குண்டுக்கு நடுவில் கிடக்கும்போது இங்கே மழை பெய்ததை என்னவென்று எழுதுவது என்றும் இருந்தது. வந்ததும் கூடத்தைப் பார்த்து நீங்களே வாயைப் பிளக்கட்டும் என்றும் ஓர் ஆசை. என் ஆசையில் இடி விழ.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போரையும் சேர்த்து. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முதலில் அவருக்கு விளங்கவில்லை. "நெல்லு இருக்கு, நெறஞ்சிருக்குன்னு சொன்னேன், அதுல என்னடி தப்பு?" என்றார். விளங்கியதும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். கையைப் பிடித்துத் தடுக்க என்னால் முடியவில்லை, அண்ணன்தான் பிடித்தார்.

கையெழுத்துப் போட்டதை ரத்து செய்யச் சொல்லி மனு எழுதிவிட்டேன். இரட்டைச் சம்பளத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பொண்டாட்டி செத்துவிட்டாள் என்று சொல்லிக்கூட இறங்குங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

மேரி


பெரியநாயகி மாதா துணை
ஏப்ரல் 9

அன்பு மேரிக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உன்னிடமிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை. நாங்கள் இப்போது (ஒரு வரி மை பூசி அழிக்கப்பட்டுள்ளது), தபால் இந்தப் பக்கம் வருவதில்லையாம். தமிழ்செல்வன் அண்ணன் வந்து பார்த்தாரா? நன்றாகக் கவனித்தாயா?

அண்ணன் போனதிலிருந்து நான்தான் சமையல். எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

சம்பளம் வந்ததா? அரிசி வாங்கினாயா? பொன்னி அரிசியாக வாங்கு. ரேஷன் அரிசி ஆத்தாவுக்குச் சேராது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உங்களுக்கு ஒரு வேளைச் சோறு வந்திருக்கும் என்று நினைத்தால் இங்கே எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. கதவை இறக்கும்போது இப்போதெல்லாம் மரியே சொல்வதில்லை. நீ உலை வைப்பதை நினைத்துக்கொள்கிறேன். கால் உதறுவது நின்றுவிட்டது.

நாளைக்கு மறுபடி (இதன் பின் நான்கு வரிகள் மை பூசி அழிக்கப்பட்டுள்ளன).

வயிறாரச் சாப்பிடுங்கள்.

ஃபிரெடி


பெரியநாயகி மாதா துணை
மே 11

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் ஏப்ரல் மாதக் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. வாங்கப் போன இடத்தில் கோபிநாத் இன்னொரு கவரையும் நீட்டினார். மார்ச்சில் நான் எழுதியதுதான். பிரிக்காமலேயே திரும்பி வந்திருக்கிறது.

கப்பலைப் பற்றிக் கேட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதிக்கு அப்புறம் தகவல் இல்லை என்றார். தகவல் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். "தகவல் இல்லம்மா, அவ்வளவுதான் கம்பெனி சொல்லுது" என்றார். நல்ல மனிதர்தான், பாவம். தலையைத் தூக்கவில்லை.

இன்றைக்கு மறுபடி வந்திருக்கிறேன். அவர் ஆபீஸில், வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அத்தையும் கூட வந்திருக்கிறார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இத எந்தக் கப்பலுக்கும்மா நான் அனுப்புறது? என்னால வாங்க முடியாதும்மா" என்கிறார் கோபிநாத். வாங்காவிட்டால் நாளைக்கும் வருவேன். நாளை மறுநாளும் வருவேன். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவேன்.

நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, எப்படி இருந்தாலும் சரி, மச்சான். நாங்கள் பட்டினி கிடக்கிறோம் என்ற நினைப்போடு மட்டும் நீங்கள் இருக்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தாங்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காலையில் சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். அத்தை சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

மேரி